கடைசி வீட்டுக் குழாயில் என்ன மிச்சம்?

தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தாலே "எந்த ஃபில்டர் வாங்கலாம்?" என்பதில்தான் வந்து நிற்கிறது. ஒரு கிணறு, ஒரு மேல்நிலைத் தொட்டி, அதிலிருந்து நூறு இருநூறு வீடுகளுக்குப் போகும் குழாய், இவ்வளவையும் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆள். இப்படிப்பட்ட சின்ன ஊரில் அந்தக் கேள்வி மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வர வேண்டியது. முதல் கேள்வி வேறு: தொட்டியில் போட்ட குளோரினில், குழாய் போய் முடிகிற கடைசி வீட்டில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

இதைத்தான் எஞ்சிய குளோரின் என்கிறோம். குளோரின் கிருமியைக் கொல்லும் மருந்து மட்டுமல்ல, வழியில் என்ன நடந்தது என்று சொல்லும் சாட்சியும்கூட. குழாய் விரிசலில் சாக்கடை நீர் நுழைந்தால் அதிலுள்ள அழுக்கு குளோரினைத் தின்றுவிடும். குழாயின் உள்சுவரில் வழவழப்பான படலம் வளர்ந்திருந்தால் அதுவும் தின்னும். கடைசிக் குழாயில் குளோரின் இருந்தால் வழி ஓரளவு சுத்தம். இல்லையென்றால், தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தாலும் ஏதோ சரியில்லை. ஆய்வகத்தில் கிருமிப் பரிசோதனை முடிவு வர ஒரு நாளாவது ஆகும். இது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அளவு: தொட்டியில் குளோரின் கலந்து 30 நிமிடம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருக்க வேண்டும். வீட்டுக் குழாயில் குறைந்தது 0.2. இவை உலக சுகாதார நிறுவனத்தின் எண்கள். தண்ணீர் கலங்கலில்லாமல், பிஎச் (நீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) 8-க்குக் கீழே இருந்தால் பொருந்துபவை. பிஎச் 8-ஐத் தாண்டினால் அதே குளோரின் அதே வேகத்தில் வேலை செய்யாது. அளவையோ காத்திருக்கும் நேரத்தையோ கூட்ட வேண்டியிருக்கும். மேல் வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம். ஆனால் அதற்கு வெகு முன்பே வாடை தாங்காமல் மக்கள் வேறு தண்ணீரைத் தேடிப் போய்விடுவார்கள். அந்த வேறு தண்ணீர் பெரும்பாலும் இதைவிட மோசம்.

அளப்பதற்கு டிபிடி மாத்திரை போதும். சின்னக் கண்ணாடிக் குப்பியில் 10 மில்லி தண்ணீர், அதில் ஒரு மாத்திரை, இளஞ்சிவப்பு வந்ததும் நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். இதில் தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. மாத்திரையை விரலால் தொடுவது முதலாவது; உறையிலிருந்து நேராகக் குப்பியில் விழ வேண்டும். இரண்டாவது, போட்டுவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு வந்து படிப்பது. ஒரு நிமிடத்துக்குள் படிக்காவிட்டால் வேறு பொருளோடு சேர்ந்து கட்டுண்ட குளோரினும் நிறம் கொடுக்க ஆரம்பிக்கும், எண் கூடுதலாகத் தெரியும். மூன்றாவதில் பழகிய கைகளே ஏமாறும்: குளோரின் மிக அதிகமாக இருந்தால், மாத்திரை கொடுத்த நிறத்தையே அது வெளுத்துவிடும். தொட்டியைக் கழுவிய மறுநாள் "பூஜ்யம்" என்று எழுதிவிட்டு இன்னும் கொஞ்சம் பவுடர் போடுவது இப்படித்தான் நடக்கிறது. கணநேரம் சிவந்து மறைந்தால், ஒரு பங்கு தண்ணீருக்கு ஒன்பது பங்கு குளோரின் இல்லாத நீர் சேர்த்துத் திரும்ப அளந்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். மஞ்சள் நிறம் காட்டும் பழைய ஓ.டி. (ஆர்த்தோடாலிடின்) கரைசல் சில இடங்களில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அந்த வேதிப்பொருள் உடலுக்கு நல்லதல்ல. சோதித்த நீரைத் தொட்டியில் கொட்டக் கூடாது.

ஒரே இடத்தில் அளந்தால் ஒன்றும் தெரியாது. தொட்டி வாய், குழாய்த் தடத்தின் நடுவில் ஒரு வீடு, கடைசி வீடு என்று மூன்று இடம் வேண்டும். 0.6, 0.5, 0.4 என்று இறங்கினால் இயல்பு. மூன்றும் சேர்ந்து சரிந்தால் கோளாறு மூலத்தில்: பவுடர் வீரியம் இழந்திருக்கலாம், அல்லது மழையால் கிணற்று நீர் கலங்கியிருக்கலாம். 0.6, 0.5, பூஜ்யம் என்றால் நடுவுக்கும் கடைசிக்கும் இடையே தேட வேண்டும். கடைசி முனையிலுள்ள வடிகால் வால்வை 15 நிமிடம் திறந்து ஓடவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறி, அடுத்த சில நாளும் நின்றால் தண்ணீர் தேங்கிப் பழசாகியிருந்தது, அவ்வளவுதான். வாரம் ஒருமுறை அந்த வால்வைத் திறந்தால் போதும். ஏறி மறுநாளே விழுந்தால் குழாய்க்குள் துரு அல்லது படலம் என்று சந்தேகிக்கலாம். ஓடவிட்டும் ஏறவே இல்லையென்றால் எங்கோ வெளிநீர் நுழைகிறது. சாக்கடையை ஒட்டியும் குறுக்கேயும் குழாய் போகும் இடங்களைத் தோண்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் இடையே பக்கவாட்டில் 3 மீட்டர் இருக்க வேண்டும். ஒன்றை ஒன்று கடக்கும் இடத்தில் குடிநீர்க் குழாய் 45 சென்டிமீட்டராவது மேலே இருக்க வேண்டும். பழைய ஊர்களில் இரண்டும் ஒரே பள்ளத்தில் கிடப்பது சர்வ சாதாரணம்.

குழாயில் அழுத்தம் இருக்கும்வரை விரிசல் வழியே நீர் வெளியே போகுமே தவிர உள்ளே வராது. அழுத்தம் போனதும் கதை தலைகீழ். நேரம் வைத்துத் தண்ணீர் விடும் ஊர்களில் இது தினமும் நடக்கிறது: தொட்டி வால்வை மூடியதும் மேட்டு வீடுகளின் குழாயிலிருக்கும் நீர் பள்ளத்துக்கு இறங்கும், பின்னால் வெற்றிடம் உண்டாகி, விரிசலைச் சுற்றி என்ன தேங்கியிருக்கிறதோ அதை உறிஞ்சும். ஊர்க் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுக்கும் வீடு இதையே இன்னும் வேகமாகச் செய்கிறது. முதலில் மாசு போவதும் பெரும்பாலும் அந்த வீட்டுக்குத்தான். மோட்டார் வேண்டுமென்றால் குழாய் நீர் முதலில் தரைத்தொட்டியில் விழட்டும், மோட்டார் அங்கிருந்து எடுக்கட்டும்.

எவ்வளவு பவுடர்?

புதிதாகப் பிரித்த ப்ளீச்சிங் பவுடரில் 33 சதவீதம் வரை குளோரின் இருக்கும். ஈரமும் வெயிலும் பட்டால் சில வாரங்களிலேயே இறங்கும். ஆகவே "ஆயிரம் லிட்டருக்கு இத்தனை கிராம்" என்று யாராவது மனப்பாடமாகச் சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் தண்ணீர், உங்கள் பவுடர், இரண்டையும் சேர்த்துச் சோதிக்கும் வழி இது.

30 கிராம் பவுடரை ஒரு பிளாஸ்டிக் பாத்திரத்தில் கொஞ்சம் நீர் விட்டுக் குழைத்து, ஒரு லிட்டராக்கி, கலக்கி வையுங்கள். சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே நிற்கும் தெளிவு ஏறக்குறைய ஒரு சதவீதக் குளோரின் கரைசல். நான்கு வாளிகளில் பத்துப் பத்து லிட்டர் கிணற்று நீர் எடுத்து, முறையே 1, 2, 3, 4 மில்லி கரைசலை மருந்து சிரிஞ்சால் விட்டுக் கலக்குங்கள். 10 லிட்டருக்கு 1 மில்லி என்பது லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின். அரை மணி கழித்து நான்கையும் அளங்கள். எந்த வாளியில் 0.5 நிற்கிறதோ அதுதான் உங்கள் கணக்கு. இரண்டாவது வாளி என்றால் ஆயிரம் லிட்டருக்கு அதே கரைசல் 200 மில்லி. பத்தாயிரம் லிட்டர் தொட்டிக்கு 2 லிட்டர். பவுடர் வீரியம் குறைந்திருந்தாலும் அதே மூட்டையிலிருந்து எடுத்துச் சோதிப்பதால் கணக்கு தானாகவே சரியாகிவிடும். புது மூட்டை பிரிக்கும்போதும் பெருமழைக்குப் பிறகும் மறுபடி செய்ய வேண்டும்.

படிந்த சுண்ணாம்பைத் தொட்டியில் கொட்டக் கூடாது. வால்வில் அடைத்துக்கொள்வதும் அதுதான், "தண்ணி வெள்ளையா வருது" என்ற புகாருக்குக் காரணமும் அதுதான். நான்காவது வாளியிலும் குளோரின் நிற்கவில்லை என்றால் பவுடரைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். தண்ணீரில் குளோரினைத் தின்னும் அழுக்கு நிறைய இருக்கிறது என்று பொருள். முதலில் கலங்கலை வடிகட்ட வேண்டும், கிணற்றில் எது விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

அளந்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, நேரம், எந்தக் குழாய், என்ன எண், முந்தைய நாள் மழை உண்டா, அளந்தவர் யார். அந்த நோட்டில் நாள் தவறாமல் 0.5, 0.5, 0.5 என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். நிஜ எண்கள் ஆடும்.

இது வெறும் குதர்க்கம் அல்ல. கனடாவின் ஒண்டாரியோவில் வாக்கர்டன் என்று ஒரு சிறு நகரம், மக்கள்தொகை ஐயாயிரத்துக்குள். 2000 மே மாதம் கனமழை பெய்து, மாட்டுச் சாணத்திலிருந்த ஈ.கோலை ஓ157 கிருமி ஆழமில்லாத ஒரு கிணற்றுக்குள் இறங்கியது. 2,300-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், ஏழு பேர் இறந்தார்கள். பின்னர் நடந்த விசாரணையில், குளோரின் பதிவேட்டில் அளக்காமலே 0.5, 0.75 என்று எழுதி வந்தது தெரிந்தது. எஞ்சிய குளோரினையும் கலங்கலையும் தொடர்ந்து அளக்கும் கருவி அந்தக் கிணற்றில் இருந்திருந்தால் இந்தப் பேரிடரைத் தடுத்திருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. நியூசிலாந்தின் ஹேவ்லாக் நார்த்தில் 2016 ஆகஸ்டில் நடந்தது இன்னொரு வகை. அங்கே நிலத்தடி நீர் சுத்தமானது என்று நம்பிக் குளோரினே போடவில்லை. பெருமழைக்குப் பின் ஆட்டுப் புழுக்கை கலந்த நீர் கிணற்றை எட்டியது; சுமார் 14,000 பேர் வாழும் ஊரில் 5,000-க்கும் மேற்பட்டோருக்குக் கேம்பைலோபாக்டர் என்ற குடல் கிருமியின் தொற்று. இரண்டு ஊரிலும் மழை, கால்நடை, கிணறு என்று அதே மூன்றுதான். அதனால்தான் நோட்டில் மழைக்கு ஒரு பத்தி ஒதுக்கச் சொன்னேன்.

குளோரினுக்குத் தெரியாதவை

கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு மசியாது. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஏறத்தாழ நான்கு லட்சம் பேரைப் படுக்கவைத்தது அது. கொதிக்கவைத்தால் சாகும், நுண்வடிகட்டியில் நிற்கும். ஆற்று நீரோ குளத்து நீரோ மூலமாக இருக்கும் ஊர்கள் இதை மறக்கக் கூடாது.

கரைந்திருக்கும் வேதிப்பொருள் விஷயத்தில் குளோரின் கைகொடுக்காது. கொதிக்கவைப்பது நிலைமையை இன்னும் மோசமாக்கும். நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உரம் போட்ட வயல், செப்டிக் டேங்க், மாட்டுத்தொழுவம் அருகிலிருக்கும் கிணறுகளில் அது ஏறும். வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். புட்டிப்பால் குடிக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அதைத் தாண்டினால், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும். இப்போது 40 மில்லிகிராம் உள்ள நீர் ஒரு லிட்டரைக் கொதிக்கக் கொதிக்க வைத்து முக்கால் லிட்டராக்குங்கள். நைட்ரேட் எங்கும் போகாது, நீர்தான் ஆவியாகிறது. லிட்டருக்கு 53 ஆகிவிடும். குழந்தைக்கென்று அக்கறையாகச் செய்த காரியமே வரம்பைத் தாண்டவைத்துவிடும். ஆர்செனிக்கும் ஃப்ளோரைடும் இதே கணக்கில்தான் ஏறும். ஆர்செனிக்குக்கு வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், ஃப்ளோரைடுக்கு 1.5 மில்லிகிராம். மூன்றுக்குமே நிறமோ வாடையோ கிடையாது. ஆய்வகத்தில் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஃபில்டர் விற்க வந்து டிடிஎஸ் மீட்டரை நீட்டுபவர்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அந்தக் கருவி, தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து மொத்த உப்பைக் கணக்குப் போடுகிறது. அதன் திரையில் காட்டக்கூடிய மிகச் சின்னப் படி லிட்டருக்கு 1 மில்லிகிராம். ஈயத்தின் வரம்போ 0.01 மில்லிகிராம். வரம்பைப் போல ஐம்பது மடங்கு ஈயம் இருந்தாலும் மீட்டர் முள் அசையாது. கிருமி கோடிக்கணக்கில் இருந்தாலும் அப்படித்தான். இன்னொரு வித்தை, இரண்டு கிளாசில் மின்முனைகளை வைத்து, குழாய் நீர் மட்டும் பழுப்பாகக் கொழகொழவென்று மாறுவதைக் காட்டுவது. அந்தப் பழுப்பு தண்ணீரிலிருந்த அழுக்கு அல்ல, இரும்பு மின்முனை கரைந்து வந்த துரு. உப்பெல்லாம் நீக்கிய நீரில் மின்சாரம் ஓடாததால் முனை கரைவதில்லை. அதே கிளாசில் ஒரு சிட்டிகை உப்பைப் போடச் சொல்லிப் பாருங்கள், அதுவும் பழுப்பாகும்.

ஈயம் பெரும்பாலும் கிணற்றிலிருந்து வருவதில்லை, வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. பழைய ஈயக் குழாய், செம்புக் குழாய்களை இணைத்த ஈயப் பற்று, பித்தளைக் குழாய்முனை, சில பழைய பிவிசி குழாய்களில் சேர்த்த ஈய உப்பு ஆகியவைதான் அதன் ஊற்று. தண்ணீர் எவ்வளவு நேரம் உள்ளே நிற்கிறதோ, எவ்வளவு சூடாக இருக்கிறதோ, எவ்வளவு அமிலத்தன்மை கொண்டதோ, அவ்வளவு கரையும். அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரம் 2014-ல் நீர் மூலத்தை மாற்றியபோது, குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டது. குழாயின் உள்ளே படிந்திருந்த காப்புப் படலம் கரைந்து ஈயம் வெளிவந்தது. குழாய்கள் பழையபடி அதே குழாய்கள்தான், உள்ளே ஓடிய தண்ணீர்தான் மாறியது.

ஈயத்துக்குச் சோதனை நீர் எடுப்பது கிருமிச் சோதனைக்கு எடுப்பதற்கு நேர் எதிர். ஈயத்துக்கு, ஆறு மணி நேரமாவது யாரும் குழாயைத் திறக்காமலிருந்து, காலையில் வரும் முதல் ஒரு லிட்டரையே பிடிக்க வேண்டும். குழாய்முனைச் சல்லடையைக் கழற்றக் கூடாது, ஓடவிடக் கூடாது. கிருமிக்கோ சல்லடையைக் கழற்றி, முனையைத் துடைத்து, உலோகமென்றால் தீயில் காட்டி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டபின் பிடிக்க வேண்டும். அந்தக் குப்பியைக் கழுவவே கூடாது: உள்ளே தூளாகவோ சொட்டாகவோ இருப்பது சோடியம் தயோசல்ஃபேட், குளோரினை முறிக்கும் மருந்து. அது போய்விட்டால், ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் குளோரின் குப்பிக்குள்ளேயே கிருமியைக் கொன்று, பொய்யான நல்ல முடிவைத் தரும். குளிர்ச்சியாக வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேருங்கள். ஐயாயிரம் பேருக்குட்பட்ட குழாய் வழங்கலுக்கு ஆண்டுக்கு 12 முறை கிருமிச் சோதனை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மாதம் ஒன்று, அதையும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு வீட்டில். 100 மில்லியில் ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது.

ஈயம் இருக்கலாம் என்ற வீட்டில் சமையலுக்கும் குடிக்கவும் குளிர்நீர்க் குழாயை மட்டும் பயன்படுத்துங்கள். ஹீட்டர் நீரைக் குழந்தைப் பாலுக்கு எடுக்கவே வேண்டாம். காலையில் எவ்வளவு ஓடவிடுவது? அரை அங்குலக் குழாயில் மீட்டருக்கு ஏறக்குறைய 0.18 லிட்டர் நிற்கும். தெருக் குழாயிலிருந்து சமையலறைவரை 20 மீட்டர் என்றால் மூன்றரை லிட்டர். ஒரு வாளியில் ஐந்து லிட்டர் பிடித்துச் செடிக்கு ஊற்றிவிட்டு அடுத்ததை எடுத்தால் போதும். ஆனால் தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பே ஈயக் குழாயென்றால் ஓடவிடுவது ஒரு தீர்வே அல்ல. மாற்ற வேண்டும், அதுவும் முழுதாக. பாதி மாற்றினால் வெட்டிய இடத்தில் அதிர்ந்து உதிரும் துகள்களால் கொஞ்ச காலத்துக்கு ஈயம் கூடவே செய்யும். குழாய்முனைச் சல்லடையை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுவதும் இதற்காகத்தான், ஈயத் துகள் அதில் தங்கும்.

நிறத்தையும் வாடையையும் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். பால் போல வந்து, கிளாசில் அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் காற்றுக்குமிழி, பயமில்லை. செம்பழுப்பு இரும்பு, கறுப்பு பெரும்பாலும் மாங்கனீசு, சில சமயம் தேய்ந்த ரப்பர் வாஷர். பாத்திரத்தில் நீலப்பச்சைக் கறை விழுந்தால் அமிலத்தன்மையுள்ள நீர் செம்பைக் கரைக்கிறது; அது ஈயத்தையும் கரைக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அழுகிய முட்டை வாடை சுடுநீரில் மட்டும் அடித்தால் ஹீட்டரில் இருக்கும் மெக்னீசியக் கம்பியைப் பாருங்கள். இரண்டிலும் அடித்தால் கிணற்றைப் பாருங்கள்.

தொட்டி, தரைத்தொட்டி, குளியலறை

மாடித் தொட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும். அதைவிட முக்கியம், மூடி இறுக்கமாக இருப்பதும், வழிந்தோடும் குழாயின் வாயிலும் காற்றுக் குழாயிலும் கொசு நுழையாத சல்லடை இருப்பதும். பல்லியும் பறவை எச்சமும் உள்ளே போகும் தொட்டியை வாராவாரம் கழுவினாலும் பயனில்லை. நீர் நுழையும் குழாயும் வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் இருந்தால் எதிர்ப்பக்க நீர் நகராமல் பழசாகும். குளோரின் அங்கேதான் முதலில் தீரும்.

கழுவும் முறை: வடித்து, தேய்த்து, வண்டலை அகற்றிவிட்டு நீர் நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் புதுப் பவுடரின் தெளிவை ஊற்றுங்கள். லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரும். வீட்டின் ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். ஆர்ஓ இயந்திரத்துக்குப் போகும் வால்வை மட்டும் முன்கூட்டியே அடைத்துவிட வேண்டும், குளோரின் அதன் சவ்வை அரிக்கும். மறுநாள் வடிக்கும்போது செப்டிக் டேங்கிலோ மீன் குளத்திலோ செடியிலோ விடாதீர்கள்.

பாசி போகவில்லையென்று கழிவறை கழுவும் ஆசிடை முதலில் ஊற்றி, பிறகு ப்ளீச்சிங் போடுபவர்கள் இருக்கிறார்கள். ஆசிடும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய தொட்டிக்குள் அது ஆளைக் கொல்லும். அம்மோனியா கலந்த கிளீனரோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான்.

தரைத்தொட்டியையும் பாழுங்கிணற்றையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெடுநாள் மூடிக் கிடந்த தொட்டிக்குள் அழுகல், துரு இரண்டும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. வெளிக்காற்றில் 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்துக் கணக்கு. இறங்குபவருக்கு மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாது, நேராக மயக்கம்தான். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும், மூன்றாவது ஆளும் அப்படியே. மெழுகுவர்த்தி எரிந்தால் இறங்கலாம் என்பதை நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு நிறைந்த இடத்திலும் சுடர் எரியும். பெட்ரோல் பம்பை உள்ளே இறக்கி நீரை இறைப்பது அந்த வாயுவை நாமே நிரப்புவதற்குச் சமம். நீண்ட கைப்பிடித் தூரிகையால் வெளியிலிருந்தே கழுவ முடிந்தால் அதுதான் வழி. இறங்கியே ஆக வேண்டுமென்றால் மூடிகளைத் திறந்து, காற்றூதி வைத்து, ஆக்சிஜன் அளந்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இழுக்க ஆள் நின்றபின்தான்.

கார்பன் மோனாக்சைடு குளியலறைக்கும் வருகிறது, கேஸ் கீசர் வழியாக. புகைபோக்கி இல்லாமல், சன்னல் மூடிய சின்ன அறையில் எரியும் கீசர் சில நிமிடங்களிலேயே ஆளைச் சாய்த்துவிடும். அந்த வாயு ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது, வாடை கிடையாது. சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிவது, சுவரில் கரி, காய்ச்சல் இல்லாமல் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே போனால் சரியாவது: இவற்றில் ஒன்று தென்பட்டாலும் கீசரை அணைத்துவிட்டு வெளியேறுங்கள். கீசரைக் குளியலறைக்கு வெளியே மாட்டுவதுதான் சரி. இதே வாயுவைக் கக்கும் ஜெனரேட்டரும் சன்னலிலிருந்து 6 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

மின்சார ஹீட்டரில் வேறு பிரச்சினை. 25 முதல் 45 டிகிரிவரை லெஜியோனெல்லா என்ற கிருமி செழித்து வளரும். ஷவரின் நுண்துளிகளோடு நுரையீரலுக்குப் போகும். தொட்டி வகை ஹீட்டர் என்றால் நீரை 60 டிகிரியில் வைக்க வேண்டும். அந்தச் சூடு சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும் என்பதால், குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் குளிர்நீர் கலக்கும் வால்வும் கூடவே வேண்டும்.

வீட்டுக்குள் பின்னோட்டமும் நடக்கும். பூச்சிமருந்து கலக்கும் வாளிக்குள் ரப்பர் குழாயை முங்கவிட்டிருக்கும்போது தெருவில் அழுத்தம் விழுந்தால், மருந்து அப்படியே குடிநீர்க் குழாய்க்குள் ஏறும். குழாய் வாய்க்கும் பாத்திரத்தின் விளிம்புக்கும் இடையே குழாய் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு, குறைந்தது 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் போதும். இந்தக் காற்று இடைவெளிக்கு வால்வு தேவையில்லை, பழுதும் ஆகாது.

இப்போது ஃபில்டருக்கு வரலாம், ஆய்வக முடிவு கையில் இருந்தால் மட்டும். கரி வடிகட்டி குளோரின் வாடையை எடுக்கும், ஈயத்துக்கென்று சான்று பெற்றதாக இருந்தால் ஈயத்தையும் எடுக்கும், நைட்ரேட்டைத் தொடாது. குளோரினை எடுத்துவிட்டதால் அதன்பின் நீருக்குக் காவல் இல்லை, குறித்த காலத்தில் மாற்றாத கரி கிருமிப் பண்ணையாகிவிடும். யுவி விளக்கு கிருமிக்கு நல்லது, தெளிந்த நீரில் மட்டும். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் ஏறக்குறைய ஓராண்டில் வீரியம் போய்விடும். நைட்ரேட், ஃப்ளோரைடு, ஆர்செனிக் என்றால் ஆர்ஓ, அதிலும் ஒரு வகை ஆர்செனிக் சவ்வைத் தாண்டிப் போகும் என்பதால் வடித்த நீரையும் சோதிக்க வேண்டும். இவை எதுவும் இல்லாத ஊரில் ஆர்ஓ தண்ணீரை வீணாக்கும் இயந்திரம் மட்டுமே.

குழாய் உடைந்தாலோ, வெள்ளம் வந்தாலோ, கடைசிக் குழாயில் குளோரின் காணாமல் போனாலோ, காரணம் தெரியும்வரை காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்கள். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம். 2,000 மீட்டருக்கு மேலுள்ள மலையூர்களில் மூன்று நிமிடம். பல் துலக்கும் நீருக்கும் ஐஸ் கட்டிக்கும் இதுவே பொருந்தும். பழுது சரியானதும் அறிவிப்பை விலக்கிவிடாதீர்கள். 24 மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு சோதனைகளும் சுத்தமாக வந்தபின் விலக்குங்கள். அதன்பின் ஒவ்வொரு வீட்டிலும் குளிர்நீர்க் குழாய்களை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஹீட்டரை வடித்து, ஐஸ் தட்டைக் கொட்டி, வடிகட்டியின் கரியையும் மாற்ற வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலோர் மறக்கிறார்கள். மாசு வந்த நாளில் பிடித்த அழுக்கெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.